குலசை முதல் கொக்கிரகுளம் வரை: கல்வெட்டில் இல்லாத வாசல்கள்

(குலசேகரன்பட்டினத்தில் இளைஞர்கள் கூட்டிய வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம் வட்டாரத்தின் வரலாற்றுச் சின்னங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். இந்தத் தலைப்புக்கு இப்போது ஒரு அவசரம் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி இந்த ஊரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ராக்கெட் ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து ஏவினால் நேராகத் தெற்கே கடல்தான். அதனால்தான் மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி பக்கம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். இனி இந்த ஊரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சாலையோரத்தில் பலகைகள் வைப்பார்கள். 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியல் அச்சாகும். அந்தப் பட்டியலை யார் எழுதப் போகிறார்கள், அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

வழக்கமான பட்டியல் நமக்குத் தெரியும். முத்தாரம்மன் கோயில். திருச்செந்தூர் முருகன் கோயில். மணப்பாட்டில் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். இடையன்குடியில் கால்டுவெல் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்த ஆலயம். அவர் குடியிருந்த வீடு, அது இன்றைக்கு அரசு நினைவு இல்லம். அப்படியே திருநெல்வேலிக்குப் போனால் நெல்லையப்பர் கோயில், 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம். இவை எல்லாமே முக்கியமானவைதான். எதையும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இந்தக் கட்டடங்களைப் பற்றி நமக்குச் சொல்லித்தருவது மூன்றே செய்திகள்: யார் கட்டியது, எந்த ஆண்டு, எவ்வளவு உயரம். நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் யார் எந்த இடத்தோடு நிறுத்தப்பட்டார்கள்? அந்த இடத்தைத் தாண்டி உள்ளே போனவர் யார், எப்போது? இந்தக் கேள்விக்கான பதில் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. ஆனால் ஊரில் யாரோ ஒரு பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய பட்டினம் இது. அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய கரை, மார்க்கோபோலோ எழுதிய காயல் துறைக்குப் பக்கத்துக் கரை. இங்கே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருந்தது, அதற்காக ஒரு சிறு ரயில் ஓடியது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது இந்த உப்பளத்தில்தான் லோன் என்ற வெள்ளைக்கார உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட காசிராஜனும் ராஜகோபாலனும் பின்னால் தூக்கிலிருந்து தப்பி விடுதலையானார்கள். அரசனுக்குப் பெயர் இருக்கிறது, கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, போராட்டத் தியாகிகளுக்கும் நியாயமாகவே பெயர் இருக்கிறது. குதிரையைக் கரையிறக்கியவர், பனையேறியவர், உப்பளத்தில் பாத்தி மிதித்தவர் இவர்களுக்குத்தான் பெயர் இல்லை.

இன்றைக்குக் குலசை என்றால் உலகத்துக்குத் தசரா. மைசூருக்கு அடுத்தபடி இங்கேதான் இவ்வளவு கூட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பல நாள் விரதமிருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, காளி, குறவன், குறத்தி, போலீஸ், பிச்சைக்காரர், குரங்கு என்று வேஷம் போட்டு, ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து, காணிக்கையை உண்டியலில் சேர்த்துவிட்டுத் திரும்புகிறோம். வேஷம் போட்டால் சாதி இல்லை, எல்லோரும் அம்மனின் பிள்ளைகள் என்பார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன்.

என் சித்தப்பா காளி வேஷம் போடுவார். எட்டுக் கை, சடாமுடி, நாக்கு எல்லாம் வைத்து, நடக்கவே சிரமமான எடை. அவர் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு போவது என் வேலை. ஊர் பெயர் வேண்டாம். ஒரு பெரிய வீடு. தேக்குத் தூண் வைத்த நீளமான திண்ணை. அந்த வீட்டு அம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, சித்தப்பாவின் காலில் விழுந்து, திருநீறு வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காப்புக் களைந்து ஒரு வாரம் இருக்கும். அதே வீட்டுக்குச் சித்தப்பா வேலைக் கூலி வாங்கப் போனார், நானும் கூடப் போயிருந்தேன். தண்ணீர் கேட்டார். அதே அம்மா, அதே திண்ணையில் நின்றுகொண்டு, மேலேயிருந்து ஊற்றினார். சித்தப்பா குனிந்து இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். பத்து நாளைக்கு அவர் காளி, பதினோராம் நாள் அவர் யார் என்று அந்தத் திண்ணைக்குத் தெரியும்.

அந்த வீட்டை இப்போது யாராவது படம் எடுத்தால், 'பாரம்பரியக் கட்டடக்கலை' என்று தலைப்புப் போடுவார்கள். தூண் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் திண்ணையின் உயரத்துக்கு ஒரு வேலை இருந்தது. மேலே நிற்பவர் யார், கீழே நிற்பவர் யார் என்று காட்டுவதும் அந்த வேலையில் ஒன்று. அதைச் சொல்லாமல் கட்டடக்கலையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

தசராவுக்கும் இதே கதைதான். சாதிக் கொடி, சாதி அடையாளம் போட்ட பனியன், கையில் சாதிக் கயிறு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று நிர்வாகமும் காவல்துறையும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. வேஷம் போட்டால் சாதி கரைந்துவிடும் என்றால் இந்த அறிவிப்பு எதற்கு? வேஷத்துக்குள்ளும் கயிறு இருக்கிறது என்பதால்தானே?

அடுத்து, கோயில் வாசலுக்கு வருவோம். இன்றைக்கு முத்தாரம்மன் கோயிலிலோ திருச்செந்தூரிலோ வரிசையில் நிற்கும்போது, இந்த வரிசை இயற்கையாக அமைந்தது என்று நினைத்துவிடுகிறோம். இது சட்டத்தால் அமைந்த வரிசை, அந்தச் சட்டம் போராட்டத்தால் வந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, தீட்டுக் கழிக்க 500 ரூபாய் கட்டச் சொன்னது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் சாதி ஒழிந்தது என்பவர்களும், வெள்ளைக்காரன் வந்துதான் சாதி உண்டானது என்பவர்களும் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், ஊர்வழக்கம் என்ற பெயரில் அந்த வாசலை மூடிக் கொடுத்தது.

பிறகு 1939 ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆறு பேர் நுழைந்தார்கள். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டவர்கள், அவர்களில் ஒருவர் பின்னால் அமைச்சரான கக்கன். ஆறாவது ஆள் ஒரு நாடார். அதன்பின் 1939 சட்டம், 1947-இல் எல்லாக் கோயில்களுக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம், 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. நம் மாவட்டத்துக் கோயில்களில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்த உபயதாரர் பெயர் இருக்கிறது, டியூப் லைட்டில்கூட உபயம் எழுதியிருக்கிறது. எல்லோரும் உள்ளே வரலாம் என்றான நாள் எது என்று எழுதிய கல்லை நான் பார்த்ததில்லை. கோயிலின் வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பணி வேறு என்ன இருக்கிறது?

கோயிலை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது. சாதி மதம் மாறிப் போன இடத்துக்கும் பின்னாலேயே போனது. அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கட்டடம் சாட்சி. ராதாபுரம் வட்டாரத்தில் வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கு முன்பு வத்திக்கான் ஒரு காரியம் செய்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டது. அதுவும் கேட்காமல் நடக்கவில்லை, எழுதி எழுதிக் கேட்டதால் நடந்தது.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு ஆலயம் கட்டினார்கள். பீடம் ஒன்று. ஆனால் மக்கள் நிற்கும் பகுதி, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடார், நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் முழந்தாளிடுபவருக்கு அந்தப் பக்கம் முழந்தாளிடுபவரின் முகம் தெரியாது. சாதி என்பது மனதில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்று சொல்கிறவர்களை வடக்கன்குளத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே அதற்கு வரைபடம் போட்டு, கொத்தனார் வைத்து, சுண்ணாம்பு குழைத்துக் கட்டினார்கள்.

1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சுவர் எங்கள் உரிமை என்றார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சாதியின் பேரால் ஆலயத்துக்குள் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த வரலாற்றை 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் ஆ. சிவசுப்பிரமணியன் விரிவாக எழுதியிருக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் தேடிப் படியுங்கள். ஒரு சுவர் இடிந்த தேதி நம்மிடம் இருக்கிறது. பெர்லின் சுவர் இடிந்த தேதியைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் இடிந்த இந்தச் சுவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வடக்கன்குளத்திலிருந்து வடக்கே, தாமிரபரணிக் கரைக்கு வருவோம். சேரன்மகாதேவி. 1922-இல் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார். தேசபக்தி, தமிழ், உடல் உழைப்பு எல்லாம் சொல்லித்தரும் பள்ளி. காங்கிரஸ் கமிட்டியே பணம் கொடுத்தது. அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, தனித் தண்ணீர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார், அவர் மூலம் விஷயம் வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். காந்தி வரைக்கும் போனது. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதம் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்துபோனார். அந்த மரணத்தில் மகிழ ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் 'குடிஅரசு' தொடங்கியது, நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய காரணங்களில் ஒன்று, தாமிரபரணிக் கரையில் வைத்திருந்த இரண்டு தண்ணீர்ப் பானைகள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தச் சண்டையின் நடுவில் இருந்தவர்கள் பிராமணரல்லாத வீட்டுப் பிள்ளைகள். சேரிப் பிள்ளைக்கு அந்த ஊரில் எந்தப் பானை என்ற கேள்வி அந்தச் சண்டையின் நடுவுக்கு வரவில்லை. அது வேறு சண்டையாக, வேறு ஆட்களால், இன்னும் நெடுங்காலம் நடத்தப்பட வேண்டியிருந்தது.

இப்போது திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். சுலோச்சன முதலியார் பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம். சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தவருக்கு ஊர் நன்றியோடு பெயர் வைத்தது. நல்ல விஷயம். இத்தனை ஆண்டுகளாக எல்லாச் சாதிக்காரர்களும் அதில் நடக்கிறார்கள்.

1999 ஜூலை 23 அன்று அந்தப் பாலத்தைக் கடந்து ஒரு ஊர்வலம் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களை விடுதலை செய்ய வேண்டும். இதுதான் கோரிக்கை. கையில் மனு. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். தடியடி நடந்தது. ஒரு பக்கம் காவலர்கள், மறு பக்கம் ஆறு. மக்கள் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு.

விசாரணை ஆணையம் அமைத்தார்கள், அறிக்கை வந்தது, முடிந்தது. ஒவ்வொரு ஜூலை 23-ஆம் தேதியும் இயக்கங்களும் கட்சிகளும் வந்து ஆற்றில் மலர் தூவுகிறார்கள். ஏன் ஆற்றில் தூவுகிறார்கள்? மாலை வைக்க ஒரு கல் கிடையாது, அதனால்தான். நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. பாலத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் பாலத்தில் கல்லில் இருக்கிறது. அதே ஆற்றில் உயிர் கொடுத்த 17 பேரின் பெயர் மலரோடு சேர்ந்து தண்ணீரில் போகிறது. ஆர்.ஆர். சீனிவாசன் அப்போதே எடுத்த ஆவணப்படம் இல்லாவிட்டால், அன்றைக்கு அங்கே நடந்தது என்ன என்று பார்க்கக்கூட நமக்கு வழி இருந்திருக்காது.

மாஞ்சோலையைப் பற்றி இன்னும் ஒன்று. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்த மலை அது. குத்தகை 2028-இல் முடிகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்த ஊர்களின் லயன் வீடுகளில் நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது. 2024-இல் கம்பெனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறங்கச் சொன்னது. வழக்கும் நடந்தது. வீடுகள் காலியாகி வருகின்றன. காடு காடாகட்டும், புலி வாழட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் துரை பங்களாவைப் பாரம்பரியக் கட்டடம் என்று பாதுகாத்துவிட்டு, லயன் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினால், அட்டைக் கடியில் நின்று கொழுந்து கிள்ளிய பெண்களின் வரலாறு அந்த மலையில் எங்கே மிஞ்சும்? ஒரே ஒரு லயன் வரிசையையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று வருகிறவர்கள் பார்க்கட்டும்.

ஒரு பெயர்ப் பலகைக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பெயர் சின்ன விஷயமாக இருந்தால் 1997-இல் நடந்தது நடந்திருக்காது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர் வைத்திருந்த காலம். இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் அப்போது சிதம்பரனார் மாவட்டம், திருநெல்வேலி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். எத்தனையோ சாதிகளில் பிறந்த தலைவர்களின் பெயர்கள் பேருந்துகளில் ஓடின, யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. விருதுநகரில் புதிதாக ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் ஆனது. கடைசியில் அரசு என்ன செய்தது? அந்தப் பெயரைக் காப்பாற்ற முடியாமல், எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தாழ்த்தப்பட்டவரின் பெயர் பலகையில் ஏறியபோது, பலகைகளையே கழற்றினார்கள். ஆகவே பெயர் சின்ன விஷயம் என்று நம்மிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இதே வட்டாரத்தில் நம் பெயர்ப் பலகை இரும்புக் கம்பிக்குள் இருக்கிறது. அம்பேத்கர் சிலைக்குக் கூண்டு. அரசியல் சட்டத்தை எழுதியவரைக் காப்பாற்றக் கூண்டு வேண்டியிருக்கும் ஊரில், அந்தக் கூண்டும் ஒரு வரலாற்றுச் சின்னம்தான்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இந்தக் கூட்டத்தில் நாடார் தோழர்கள் இருக்கிறார்கள், தேவேந்திரர், பறையர், அருந்ததியர் தோழர்கள் இருக்கிறார்கள், மீனவத் தோழர்களும் இஸ்லாமியத் தோழர்களும் இருக்கிறார்கள். நிறுத்தப்பட்டவர்களின் வரலாறு என்று பேசும்போது, எல்லோரும் தன் பாட்டன் நிறுத்தப்பட்ட வாசலை மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறோம். தான் இன்னொருவனை நிறுத்திய வாசல் மறந்துபோகிறது. கமுதியில் அடித்து விரட்டப்பட்ட வரலாறு உள்ளவர்கள், இன்று தாங்கள் கட்டிய கோயிலின் கொடை விழாவில் சேரிக்காரரிடம் வரி வாங்குகிறார்களா, தேர் சேரித் தெருவுக்குள் போகிறதா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தெருவில் அருந்ததியருக்கும் புதிரை வண்ணாருக்கும் எந்த இடம் வைத்திருக்கிறோம்? நம் வீட்டுப் பெண்ணுக்கு நம் கூட்டத்தில் எந்த இடம்? மதுரையில் 1939-இல் ஐந்து தாழ்த்தப்பட்டவர்களும் ஒரு நாடாரும் ஒரே வாசலில், ஒரே நேரத்தில், அதே அடி வாங்கும் ஆபத்தோடு நுழைந்தார்கள். அந்த ஆறு பேரை நினைத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை.

இது பழைய கதையும் அல்ல. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்றதோடு, பள்ளிகளின் பெயரிலிருந்தும் சாதியை எடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 2025-இல், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது பதினாறு வயதுப் பையனின் கையில் அரிவாளைக் கொடுப்பது வரைக்கும் போகும் என்பதை அரசே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் என்ன கேட்கப் போகிறோம்? நான்கு கோரிக்கைகள் சொல்கிறேன், நீங்கள் திருத்துங்கள். ஒன்று, கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் 17 பேரின் பெயரையும் பொறித்து ஒரு நினைவுத் தூண். இரண்டு, அறநிலையத் துறைக் கோயில்களின் தல வரலாற்றுப் பலகையில், ஆலயப் பிரவேசச் சட்டத்தையும் ஆண்டையும் சொல்லும் இரண்டு வரி. மூன்று, மாஞ்சோலையில் ஒரு லயன் வரிசையைப் பாதுகாப்பது. நான்கு, வடக்கன்குளம் சுவரும் சேரன்மகாதேவிக் குருகுலமும் நம் மாவட்டப் பிள்ளைகளின் உள்ளூர் வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறுவது. எதற்கும் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. இங்கே ராக்கெட் தளத்துக்குச் செலவாவதில் ஒரு துளிகூட ஆகாது.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் எழுபது வயதுக்கு மேல் இருப்பவர்களிடம் போய் உட்காருங்கள். 'வரலாறு சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், எனக்கு என்ன தெரியும் என்பார்கள். இப்படிக் கேளுங்கள். எந்தத் தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தீர்கள்? டீக்கடையில் எதில் குடித்தீர்கள், சிரட்டையிலா, தனிக் குவளையிலா? அதை யார் கழுவினார்கள்? கோயிலில் எந்தக் கல் வரைக்கும் போனீர்கள்? பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோனீர்கள்? முதன்முதலில் அந்த வழக்கத்தை மீறியது யார், அன்றைக்கு என்ன நடந்தது? பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், இடத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். ஆராய்ச்சிப் படிப்பில் எனக்குப் பல மாதங்கள் எடுத்த வேலையை நீங்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். ஏனென்றால் அந்தப் பாட்டி உங்கள் சொந்தப் பாட்டி, உங்களிடம் பேசுவார்.

அந்த நோட்டுகள் எல்லாம் சேர்ந்தால் இந்த வட்டாரத்தின் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியல் வேறு மாதிரி இருக்கும். அதில் முத்தாரம்மன் கோயிலும் இருக்கும், மணப்பாட்டு ஆலயமும் இருக்கும். கூடவே ஒரு தெரு முனையும், ஒரு டீக்கடைச் சுவரும், ஒரு திண்ணையும் இருக்கும்.

என் சித்தப்பா இப்போது இல்லை. அவர் கையைக் குவித்துத் தண்ணீர் வாங்கிய அந்த இடத்தை என் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை நான் வரும்போது உங்கள் நோட்டின் முதல் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள்.